இடம் மாறி நின்ற கொம்பு

ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.4 பதிப்பு 2012 ஜனவரியில் வெளிவந்தது. இதை நம்பி வேலை செய்யலாம் என்று ஆக்கியவர்களே உறுதி சொன்ன அடுத்த பதிப்பு 1.6. அது வந்தது 2024 ஜனவரியில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போய், புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதி முடிக்கிற காலம் அது. கொழும்பில் தமிழ்ச் சிற்றிதழ் ஒன்று தொடங்கி, நாலைந்து இதழ் வந்து, நின்றுபோய், பெயரும் மறந்துபோகிற காலத்தைவிட மிக நீண்டது.

சிற்றிதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இந்தப் பன்னிரண்டு ஆண்டும் எனக்கு வெறும் கணக்கல்ல. நான் இருப்பது கிருலப்பனையில். இங்கிருந்து வெள்ளவத்தை வரையும், அந்தப் பக்கம் கொட்டாஞ்சேனை வரையும், தமிழில் கலியாணக் காட்டும் அந்தியேட்டி மலரும் கவிதைத் தொகுதியும் செய்து கொடுக்கிற சிறிய இடங்கள் நிறைய உண்டு. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், சுவரில் முருகன் படம் அல்லது அந்தோனியார் படம். அங்கே இருக்கிறவர்களின் விரல்களில்தான் இலங்கைத் தமிழ் அச்சு முப்பது வருடமாக நிற்கிறது. அவர்கள் பெரும்பாலும் பாவிப்பது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின் ஓர் அரைப்புள்ளி, இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். தேடினால் கிடைக்காது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். ஆனால் அச்சில் பிழையில்லாமல் வரும். அச்சுக்காரருக்கு வேண்டியது அதுதான்.

யூனிகோடு வேறு முறை. அதில் எழுத்து சேமிக்கப்படுவது உச்சரிப்பு ஒழுங்கில். ‘பெண்’ என்றால் முதலில் பகரம், பிறகு எகரக் குறி. திரையில் வரையும்போதுதான் ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். ‘கொடி’ என்றால் குறியை இரண்டாக உடைத்து ககரத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். ‘கு’, ‘மு’ போன்றவற்றுக்குத் தனி வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட வேண்டும். இதைச் செய்வதற்கென்று மென்பொருளுக்குள் ஓர் உறுப்பு இருக்க வேண்டும். ஸ்கிரைபஸ் 1.4இல் அது இருக்கவில்லை. தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. உகரக் குறி எழுத்தோடு சேராமல் தனியே தொங்கியது. ஒரு கவிதையை அப்படிப் பார்ப்பதற்கு மனம் கேட்காது.

பாமினியில் வேலை செய்கிற அக்கா ஒருவரிடம் யூனிகோடு பற்றி எடுத்துச் சொல்லப் போனபோது அவர் சொன்னது இது: “தம்பி, உங்கட யூனிகோட்டில எழுத்துக் குலைஞ்சு வந்தா நான் ஆரட்டப் போய்க் கேக்கிறது? பாமினியில குலையாது. நாளைக்கு மலர் குடுக்கோணும்.” அதற்கு மேல் கதைக்க இடமில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆரிடம் போய்க் கேட்பது?

ஸ்கிரைபஸைப் போல எவரும் எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றி உலகத்தில் அதிகம் எழுதப்படுகிற பிரச்சினை வேறு. பயனர்கள் அதிகம், ஆக்குகிறவர்கள் கொஞ்சம். கேட்கிற வாய்கள் ஆயிரம், செய்கிற கைகள் இரண்டு. இலவசமாகக் கிடைத்த பொருளுக்குக் காசு கொடுத்தவர்களைப்போல அதிகாரம் பண்ணுகிறார்கள். களைத்துப்போன தன்னார்வலர் விட்டுவிட்டுப் போகிறார். இது உண்மை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, இணைய வங்கிகளும் கடைகளும் அரசாங்கங்களும் தங்கியிருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2000 டொலர்தான் என்பதும், முழுநேரமாக அதில் இருந்தவர் ஒரே ஒருவர் என்பதும் எல்லோருக்கும் தெரியவந்தது. பிறகு பெரிய கொம்பனிகள் கொஞ்சம் காசு போட்டன.

அதைவிட ஆழமாகப் பார்க்க வேண்டியது எக்ஸ்இசட் கதை. கோப்புகளைச் சுருக்குகிற சிறிய கருவி அது. லினக்ஸ் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸ கொல்லின், கிட்டத்தட்டத் தனி ஆளாக. 2022இல் அவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஏன் இவ்வளவு சுணக்கம், உங்களுக்கு இதில் அக்கறை போய்விட்டதா, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமே என்கிற மாதிரி. தன்னால் முன்புபோல நேரம் கொடுக்க இயலவில்லை என்றும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வைத்திருக்கும்படியும் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அதே வேளையில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, கடைசியில் பொறுப்பையும் பகிர்ந்துகொண்டார். 2024 பெப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைவதற்கான வழி. திட்டமிட்டு இரண்டு மூன்று வருடம் காத்திருந்து செய்த வேலை. முன்னர் அவசரப்படுத்திக் கடிதம் எழுதிய பெயர்கள் பிறகு எங்கும் காணப்படவில்லை. அவையும் அதே திட்டத்தின் பகுதி என்றே இந்தத் துறையில் பலர் கருதுகிறார்கள்.

பயனரின் முறைப்பாட்டை ஆயுதமாக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் பலர் விளங்கிக்கொண்டார்கள். களைத்த மனிதர் ஒருவரை மேலும் களைக்கப் பண்ணினால் அவர் கதவைத் திறந்துவிடுவார் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவும் வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பயனர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அன்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்கிற நிரலாளர். தன் சோதனைக் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி பிந்துவதைக் கவனித்தார். அரை வினாடி! நாங்கள் என்றால் இணையம் சுணக்கம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்போம். அவர் அந்த அரை வினாடி எங்கே போகிறது என்று அளந்தார். அளந்து, தேடி, எக்ஸ்இசட் வரைக்கும் வந்து, கண்டதை எல்லாம் எழுதி 2024 மார்ச் 29ஆம் திகதி வெளியிட்டார். பெரும்பாலான கணினிகளுக்குப் போய்ச் சேருமுன்னரே கள்ளக் கதவு அடைக்கப்பட்டது. எக்ஸ்இசட்டை எழுதியவர் அல்ல அவர், பாவித்தவர்தான். அவரும் குறை சொன்னார். முன்னே கடிதம் எழுதியவர்களும் குறை சொன்னார்கள். முன்னையவர்களின் கடிதம் கொல்லினின் நேரத்தைத் தின்றது. இவருடைய குறிப்பு, மற்றவர்கள் செலவழித்திருக்க வேண்டிய நேரத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு வந்தது.

குறை சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியை விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பார்க்க வேண்டியது, சொல்லப்பட்ட குறைக்குள் சொன்னவரின் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பது.

இந்த இடத்தில் நம் தமிழ்ப் பக்கத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். முறைப்பாடுகளால் யாரும் நசுங்கவில்லை. முறைப்பாடு வரவே இல்லை என்று சொல்லலாம். கொம்பு இடம் மாறி நின்றதைப் பார்த்த நூற்றுக்கணக்கான கண்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சென்னையிலும் இருந்தன. பார்த்தன, மூடின, பாமினிக்குத் திரும்பின. இந்தியப் பக்கம் என்றால் வானவில் எழுத்துருவுக்கோ வேறொன்றுக்கோ. ஸ்கிரைபஸின் வழுப் பதிவேட்டில் தமிழ் அச்சுக்காரர் எழுதிய குறிப்புகளைத் தேடிப் பார்த்திருக்கிறேன். மிக அரிது. அங்கே ஐரோப்பாவில் இருந்த ஒரு நிரலாளருக்கு, ஏழரைக் கோடிக்கு மேற்பட்டோர் பேசும் ஒரு மொழியில் தன் மென்பொருள் எழுத்தைக் குலைக்கிறது என்பதைச் சொல்ல ஏறக்குறைய யாரும் போகவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு விளக்கு வைக்கவில்லை என்று அவரை எப்படிக் குறை சொல்வது?

குறை எங்கே சொல்லப்பட்டது என்றால், கடையில், கலியாண வீட்டில், புத்தக வெளியீட்டுக்குப் பிறகு நடக்கிற கதையில். “இந்த இலவசச் சாமான் ஒண்டும் தமிழுக்குச் சரிவராது” என்று. அந்தப் பேச்சு எவருடைய கையையும் தொடவில்லை. எதையும் திருத்தவும் இல்லை.

பிறகு யார் திருத்தினார்கள்? அரபு மொழிக்காரர். ஓமான் நாட்டில் கட்டற்ற மென்பொருளுக்காக வேலை செய்த நிரலாளர் குழு ஒன்று ஸ்கிரைபஸை எடுத்துக்கொண்டது. அரபுக்கு எங்களைவிடப் பெரிய இடர். வலமிருந்து இடம் போக வேண்டும், ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவம் மாற வேண்டும். ஸ்கிரைபஸில் வரிகளை அமைக்கும் பகுதியையே அவர்கள் உடைத்துக் கட்ட வேண்டி வந்தது. ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைக்கும் பொறியை அதற்குள் பொருத்தினார்கள். அந்தப் பொறியை வளர்த்தெடுத்தவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பயர்பொக்ஸிலும் லிபரே ஒஃபிஸிலும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியிலும் தமிழைச் சரியாக நிறுத்துவது அதே பொறிதான். 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் அந்த வேலை எல்லோருக்கும் கிடைத்தது. அரபுக்கென்று செய்தது, தமிழுக்கும் மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் சேர்ந்தே வந்துவிட்டது. கொம்பு ஒருநாள் முன்னால் வந்து நின்றது. மஸ்கட்டில் யாரோ இராத்திரியில் கண்விழித்ததால் கிருலப்பனையில் ‘பெண்’ சரியாக வந்தது. இதை எழுதும்போது எனக்கு நன்றியும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

மலையாளிகள் அதோடு நிற்கவில்லை. கேரளத்தில் ‘ஜனயுகம்’ நாளிதழ் 2019இல் தன் முழுப் பத்திரிகையையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. லினக்ஸ், ஸ்கிரைபஸ், யூனிகோடு எழுத்துருக்கள். ரச்சனா எழுத்துருவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எழுத்துருக்களைக் கொடுத்தார்கள். இளம் நிரலாளர்கள் பத்திரிகைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து, தேவையான சிறு கருவிகளை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளிதழ் என்றால் ஒவ்வோர் இரவும் பரீட்சைதான். பக்கம் பிந்தினால் வண்டி போய்விடும். அந்த நெருக்கடிக்குள் அவர்கள் சோதனைப் பதிப்பை வைத்துப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். பயனர் என்பவர் வாங்கிக்கொள்கிறவர் மட்டுமே என்ற எண்ணம் அங்கே இல்லை.

மீரா இனிமை என்ற அழகான தமிழ் யூனிகோடு எழுத்துரு ஒன்று உண்டு. உரைநடைக்கு நன்றாக அமையும். வேண்டிய எவரும் இலவசமாக எடுக்கலாம். அதைச் செய்து தந்ததும் சுதந்திர மலையாளக் கணினியியல் அமைப்புத்தான். வடிவமைத்தவர் ஹுசைன் கே.எச். என்ற மலையாளி. தமிழுக்கு எழுத்துரு தாருங்கள் என்று அவரிடம் நாம் நிரையில் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழர் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். பாமினியில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றச் சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றி இல்லாவிட்டால், ஈழத்து எழுத்தின் ஒரு தலைமுறை கணினிகளுக்குள்ளேயே செத்திருக்கும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தையெல்லாம் கணக்கில் எடுத்துச் செய்த கருவி அது. பத்திரிகை அலுவலகங்களிலும் வானொலிகளிலும் வீடுகளிலும் அதைப் பாவிக்காதவர் குறைவு. முகுந்தும் ‘தமிழா!’ குழுவினரும் தந்த எ-கலப்பையை வைத்துத்தான் என் வயதுக்காரர் பலர் முதன்முதலாக யூனிகோடில் தமிழ் தட்டினார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் பல்லாயிரம் ஈழத்து ஆவணங்களைக் காத்து வைத்திருக்கிறது. அதுவும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மேல்தான் நிற்கிறது. இவை எல்லாம் ஒருவருடைய அல்லது நாலைந்து பேருடைய ஓய்வு நேரத்தில் பிறந்தவை. பாவித்த இலட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருப்பார்கள்? நன்றி என்று வேண்டாம், இந்த எழுத்து பிழையாக மாறுகிறது என்றாவது?

கொழும்புக்கு இதில் ஒரு பெருமைமிக்க நினைவு உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, இங்கிருந்த கணினித் துறை இளைஞர்கள் சில நாட்களுக்குள் கூடிச் சகானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனவர்கள், முகாம்கள், வந்த பொருட்கள், வேண்டிய பொருட்கள் எல்லாவற்றையும் பதிவதற்கு. அரசு அமைத்த தேசிய நடவடிக்கை மையத்தில் அது பயன்பட்டது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பேற்று வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் அது போனது. ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனின் சமூக நன்மைக்கான விருது 2006இல் கிடைத்தது. அனர்த்தம் கண்முன்னால் நின்றதால் நேரம் எங்கிருந்தோ வந்தது. பாவித்தவர்களும் ஆக்கியவர்களும் ஒரே ஊர்க்காரர். குறை சொல்ல நாடு கடக்க வேண்டியிருக்கவில்லை. 2005இல் கூகிள் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதல் ஆண்டுகளில், உலகத்துப் பல்கலைக்கழகங்களுக்குள் அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். வெள்ளவத்தையில் 101ஆம் இலக்க பஸ் ஏறினால் அது இருக்கிற கட்டுபெத்தையில் இறங்கலாம். திறமை இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. அந்த மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் பாமினியில் மலர் கட்டுகிற அக்காவுக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லை என்பதுதான் என் கவலை.

நேரம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் இங்கே டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாய்க்குப் போனது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. பெற்றோலுக்கு நாட்கணக்கில் நிரை. அந்த மாதங்களில் ஓய்வு நேரத்தில் மொழிபெயர்க்கிறவரும் நிரல் எழுதுகிறவரும் என்ன செய்திருப்பார்? எரிபொருள் நிரையில் நின்றிருப்பார். அதற்குப் பிறகு கடவுச்சீட்டு நிரையில் நின்று, பலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். தன்னார்வலரின் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னால் சம்பளம் வருகிற வேலை, வெட்டுப்படாத மின்சாரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற இன்னொருவர் என்று எத்தனையோ நிற்கின்றன. வீட்டுவேலையின் பாரத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட மனைவியின் நேரமும் பல மென்பொருள்களுக்குள் இருக்கிறது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பெண் நிரலாளர்கள் இந்த வேலைகளில் குறைவாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் கிடக்கிறது. அவர்களுக்கு மிஞ்சுகிற இரவு இல்லை.

டொலர் விலை ஏறியது இன்னொன்றையும் செய்தது. மாதச் சந்தா கட்டிப் பாவிக்கும் மென்பொருள் சிறிய அச்சுக்கடைக்கு இனி எட்டவே எட்டாது என்று ஆனது. கள்ளப் பிரதியோடு எத்தனை நாள் போவது? கட்டற்ற மென்பொருள் எங்களுக்குக் கொள்கைப் பிடிப்பு மட்டும் இல்லை, வேறு வழியும் இல்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு பழமொழி உண்டு. இந்த விடயத்தில் அதை நான் ஏற்கவில்லை. பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகக் கொம்பு பின்னால் நிற்பதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மொழிக்கு நல்லதல்ல, மென்பொருளுக்கும் நல்லதல்ல. குறை தெரியாத ஆக்குநர் தன் பிழையோடேயே இருப்பார். ‘பிடிக்காவிட்டால் நீயே எழுதிக்கொள்’ என்று பயனரைத் துரத்துகிற பழக்கம் நிரலாளர் சிலரிடம் உண்டு. அதுவும் அநியாயம். மலர் கட்டுகிற அக்கா நிரல் எழுதப் போவதில்லை. ஆனால் எந்த எழுத்து எந்த இடத்தில் குலைகிறது என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு உலகத்தில் எந்த நிரலாளருக்கும் தெரியாது. ‘ணை’, ‘லை’, ‘னை’ என்பவற்றில் ஐகாரக் குறி எங்கே நிற்க வேண்டும், வரி முடிவில் ஒரு சொல்லை எங்கே உடைக்கலாம், ‘ஸ்ரீ’ எப்படி ஒட்ட வேண்டும் என்று அவர் கண் ஒரு நொடியில் சொல்லும். வரி உடைப்பு இன்றைக்கும் தமிழில் சரியாக இல்லை. புள்ளியெழுத்தை அடுத்த வரியின் தலையில் கொண்டுபோய் வைக்கிற பக்கங்களை நான் இன்னும் கையால்தான் திருத்துகிறேன்.

அந்த அறிவு போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகாததற்கு முதல் காரணம் ஆங்கிலம். வழு அறிக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பதிவு செய்ய வேண்டும், பதிப்பு இலக்கம் தேட வேண்டும், திரையைப் படம் பிடிக்க வேண்டும். நாளைக்கு மலர் கொடுக்க வேண்டிய ஒருவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். நிரலாளர் கணக்கில் சேராத, ஆனால் நிரலாளரின் நேரத்தின் விலையும் அச்சுக்காரரின் கண்ணின் விலையும் தெரிந்த ஓர் ஆள். கொல்லினுக்கு அவசரக் கடிதம் எழுதியவர்களுக்கும் ஃபிராயண்டுக்கும் இருந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட ஆள். அப்படிப்பட்டவர்களைத் தமிழில் நாங்கள் வளர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களை வளர்த்தோம், எழுத்துரு செய்கிறவர்களைக் கொண்டாடினோம். குறையைக் கேட்டு, சோதித்து, எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவரை ஒரு வேலைக்காரராகவே எண்ணவில்லை.

ஆக்குகிறவர்களிடமும் ஒன்று கேட்பேன். செய்ய இயலாது என்றால் இயலாது என்று எழுதிவிடுங்கள். பதில் இல்லாமல் நாலு வருடம் கிடக்கிற குறிப்பு, எழுதியவரை இன்னொரு குறிப்பு எழுதவிடாது. ‘எனக்கு நேரமில்லை, தமிழ் தெரிந்த யாராவது இன்ன இடத்தில் பார்த்தால் உதவுவேன்’ என்ற ஒரு வரி போதும். கோபப்பட்டு எழுதுகிற பயனர் பெரும்பாலும் வேலைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர். அந்தக் கோபத்துக்குள்ளே ஒரு வழுவின் விவரம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கோபத்தை விட்டுவிடலாம். ஆனால் இதையும் வற்புறுத்திச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பொறுமையும் நேரத்தைத் தின்னும், அவர்களிடம் இல்லாதது அதுதான்.

கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் இருக்கிறது. நூல் வெளியீடுகள் நடக்கின்றன, பொன்னாடைகள் போடப்படுகின்றன. மாதத்தில் ஒரு பின்னேரம், அச்சுக்கடைக்காரர் நாலு பேரும் கட்டுபெத்தையில் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரும் ஒரு மேசையில் இருக்க வழி செய்யலாம். அவர்கள் குலைந்த பக்கத்தைக் கொண்டுவரட்டும், இவர்கள் அதை அறிக்கையாக எழுதட்டும். பொன்னாடையைவிடச் செலவு குறைவு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் இதைச் செய்யலாம். ரொறன்ரோவிலும் சென்னையிலும் செய்யலாம். பதிப்பகம் வைத்திருப்பவர்கள் ஒரு புத்தகத்துக்கு ஒரு வழு என்று எழுதினால்கூட, ஒரு புத்தகக் கண்காட்சிக்கு இடையில் நல்ல தொகை சேர்ந்துவிடும்.

சங்கங்கள் தொடங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் திரையில் தமிழ் குலைந்தால், பாமினிக்குத் திரும்புமுன் ஒரு கால் மணித்தியாலம் நில்லுங்கள். எந்தச் சொல், எந்த எழுத்துரு, மென்பொருளின் எந்தப் பதிப்பு, எப்படி வந்திருக்க வேண்டும், எப்படி வந்தது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, திரையின் படம் ஒன்றும் எடுங்கள். ஆங்கிலம் தெரிந்தால் நீங்களே அனுப்புங்கள். தெரியாவிட்டால் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.